ஜன்னலில் தட்டு வைக்கும் சத்தம்

முட்டை ஓட்டை வறுத்தால் ஒரு வாடை வரும். தலைமுடி பொசுங்கினால் வருமே, ஏறக்குறைய அதே வாடை. சேர்த்து வைத்த ஓடுகளை எல்லாம் அம்மா இரும்புச் சட்டியில் கொட்டி, கறுத்துப் போகிறவரை கிண்டிக்கொண்டிருப்பாள். பிறகு அம்மியில் வைத்து மாவாக நுணுக்குவாள். வீடு முழுக்க அந்த வாடைதான். பாடம் சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போக நான் துவைத்து வைத்த புடவையிலும் ஏறிவிடும்.

"அப்படியே கோழிக்குப் போட்டாத் தின்னாதா? இதுக்கு ஒரு அடுப்பும் வெறகும் வேணுமா?" என்று நான் எரிந்து விழுவேன்.

"பச்சையாப் போட்டா அதுக்கு முட்டைக்க ருசி தெரிஞ்சு போவும் மக்ளே. ருசி தெரிஞ்சா, இட்டதெ தானே கொத்திக் குடிக்கும். பொறவு அதெ அறுக்கதத் தவிர வேற வழி இல்லே."

அம்மா இதைச் சொல்லும்போது சட்டியிலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள். ஒரு ஓடு வெள்ளையாக இருந்தாலும் மறுபடி கிண்டுவாள்.

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கோழி, வாத்துகளைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டேன். ஒரு வாசகர் உடனே கடிதம் போட்டிருக்கிறார். யுத்த காலத்தில் மனிதர்களுக்கே அரிசி இல்லை, உங்கள் வீட்டில் கோழிக்கும் வாத்துக்கும் சமச்சீர் உணவா என்று கேலி. ஐயா, கேலியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். எதற்காக அந்தச் சமையல் நடந்தது என்று தெரிந்துகொண்டு சிரியுங்கள்.

கோழிக்குச் சமையல்

கரமனையில் ஆற்றுக்கு இறங்குகிற ஒரு சந்தில் எங்கள் வாடகை வீடு. அப்பா மார்த்தாண்டத்துப் பக்கத்துக்காரர். சர்க்கார் கச்சேரியில் எழுத்து வேலை கிடைத்து, குடும்பத்தோடு திருவனந்தபுரத்துக்கு வந்தவர். வீடு சின்னது, பின்கொல்லை பெரியது. அதில் கோழிகள். வாத்துகளும் உண்டு, எங்கள் வீட்டுப் பேச்சில் அவை தாரா. காலையில் ஆற்றுக்குப் போய்விட்டு வயிறு காலியானதும் வரிசையாக வீட்டுக்கு வரும்.

கோழிக்கு நெல்லை வீசினால் போதும் என்று நினைக்கிறவர்களை அம்மாவுக்குப் பிடிக்காது. அரிசித் தவிட்டைக் கஞ்சித் தண்ணீரில் பிசைந்து போட்டால் உடம்பு வளரும், முட்டை வராது. முட்டைக்கு மீன் வேண்டும். சாளை மீனின் தலையையும் குடலையும் வேகவைத்து, கொஞ்சம் தேங்காய்ப் பிண்ணாக்கு சேர்த்துத் தவிட்டில் கலப்பாள். முருங்கை இலையைப் பொடியாக அரிந்து தூவுவாள். அது இல்லாவிட்டால் மஞ்சள் கரு வெளுத்துப் போகும். ஓடு கெட்டியாக வர, முன்னே சொன்ன ஓட்டுப் பொடி.

தாராவுக்கு வேறு பக்குவம். அதற்கு எல்லாம் தளரத் தளர இருக்க வேண்டும், பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி இருக்க வேண்டும். ஒரு வாய் தின்றால் ஒரு வாய் தண்ணீர். உலர்ந்த தவிட்டைப் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஆற்றங்கரை நத்தையை அதுவே தேடித் தின்றுவிடும் என்பதால் மீன் குறைவாகப் போதும்.

அப்பா பின்வாசல் படியில் நின்று இதையெல்லாம் பார்ப்பார். "கோழிக்குச் செய்யுத பக்குவத்தெ எனக்குச் செய்தா நானும் முட்டை இடுவேன், பாத்துக்க."

"நீங்க இடாமலே கொக்கரிக்கிய ஆளுதானே" என்பாள் அம்மா.

பிறகு யுத்தம் வந்து பர்மா அரிசி நின்றது. ரேஷன் கடையில் கொடுத்த அரிசி, கல்லும் புழுவும் போக மிச்சம். ஊரே மரச்சீனிக்கு, அதாவது மரவள்ளிக் கிழங்குக்கு மாறியது. நெல் வந்தால்தானே தவிடு? கோழிக்கும் மரச்சீனிதான். கிழங்குத் தோலை, எங்கள் பேச்சில் தொலி, பச்சையாக வெட்டிப் போட்ட மறுநாளே ஒரு தாரா வாய் திறந்தபடி செத்துக் கிடந்தது. அதில் விஷக் கட்டு உண்டென்று மனிதர்களுக்குச் சமைக்கும்போது தெரியும், தாராவுக்கும் அதே வயிறுதான் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதன் பிறகு அம்மா தொலியை இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைத்துத்தான் போட்டாள். இல்லாத காலத்தில் இரண்டு அடுப்பு வேலை.

தனித் தட்டு

இத்தனை பாடும் என் அக்கா ஞானத்துக்காக.

அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தோம். ஒரு நாள் மாமியார் வீட்டுக்காரர்கள் வில்வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்கள். கொஞ்ச நாளாக இருமல் என்றார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு அப்பாவை வெளியே கூப்பிட்டார். சயரோகம். அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, அவ்வளவுதான். "முட்டை கொடுங்க. கொடுக்க முடியற வரைக்கும் கொடுங்க" என்று டாக்டர் சொன்னதை அம்மா வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

பாலுக்கு வழியில்லை. ஆனால் முட்டைக்கு வழி உண்டு, அது தன் கையில் இருக்கிறது என்று அம்மா நம்பினாள். கோழி முட்டை முதலில் அக்காவுக்கு, மிஞ்சினால்தான் எங்களுக்கு. தாரா முட்டை குளிர்ச்சி, நெஞ்சு நோய்க்கு ஆகாது என்று அதை எங்களுக்கு ஒதுக்கினாள். எந்த முட்டையானாலும் ஒன்றுதான் என்று டாக்டர் சிரித்தார். அம்மா தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, தாரா முட்டையை எங்களுக்கே கொடுத்தாள்.

பின்னறை அக்காவுக்கு. கம்பிக்குப் பதில் மர அழி போட்ட ஒரு ஜன்னல். அதற்கு வெளியே வாழைக் கூட்டமும் மதிலும். நீலக் கோடு போட்ட ஒரு பீங்கான் தட்டு, ஒரு கோப்பை, ஒரு கரண்டி, மூன்றும் அவளுக்கு மட்டும். அவள் சாப்பிடும்போது யாரும் அறையில் இருக்கக் கூடாது என்று டாக்டரின் கண்டிப்பு. மிச்சம் அடுக்களைக்குத் திரும்பி வரக் கூடாது. சோற்றைக் குழியில் கொட்ட அம்மாவுக்கு மனசு வராது. அதனால், "பாக்கி இருந்தா ஜன்னல் வழியா கோழிக்குப் போட்டுரு மக்ளே" என்று சொல்லியிருந்தாள்.

அம்மா கதவருகே தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். வீட்டில் இருந்த கொஞ்சம் அரிசி அந்தத் தட்டில்தான் இருக்கும். அதன்மேல் ஒரு துண்டு மீன், ஓரத்தில் அவித்த முட்டை. அக்கா சாப்பிட்டு முடித்து, தானே தட்டைக் கழுவி, ஜன்னல் கல்லில் வைப்பாள். டங் என்று ஒரு சத்தம் வரும்.

அந்தச் சத்தம் கேட்கிறவரை அம்மா தன் மரச்சீனியைத் தொட மாட்டாள். கேட்டதும், "தின்னு முடிச்சிட்டா. கர்த்தாவே, ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்துவிட்டு உட்காருவாள்.

மாமியின் பொட்டு

எங்கள் பின்வேலிக்கு அப்பால் அக்ரகாரத்துச் செல்லம் மாமியின் வீட்டுக் கொல்லை. மாமிக்குக் கோழி என்றாலே மூக்கு சுருங்கும். ஆனால் அக்காவின் நோய் தெரிந்த நாளிலிருந்து, உளுந்து உடைத்ததில் விழும் தோலும் குருணையுமான பொட்டை ஒரு பழைய தகரத்தில் போட்டு வேலிமேல் வைத்துவிடுவார். கேட்டால், "எங்காத்துல மாடு இல்லை, பின்னே என்ன பண்றது?" என்பார்.

அந்த வருஷம் ஊரில் கோழி வளர்த்தவர்கள் எல்லாம் முட்டை இல்லை என்று புலம்பினார்கள். தீனி இல்லாமல் எப்படி இடும்? எங்கள் வீட்டில் மட்டும் கூடு காலியாக இருந்ததே இல்லை. அம்மாவே நம்பவில்லை. காலையில் கூட்டுக்குள் கையை விட்டுத் துழாவும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அக்கா வந்த பிறகு அம்மா சிரித்தது அப்போது மட்டும்தான்.

மாமிக்குப் பொறுக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் எட்டி நின்றபடி கேட்டார். "ஏண்டிம்மா, மனுஷாளுக்கே ஆகாரம் இல்லை. உங்காத்துக் கோழி தினோம் கொக்கரிக்கறதே. அப்படி என்னத்தைப் போடறேள்?"

அம்மா தன் சேர்மானத்தை ஒன்று விடாமல் சொன்னாள். வேகவைத்த தொலி, சாளைத் தலை, முருங்கை இலை, ஓட்டுப் பொடி. மீன் வந்த இடத்தில் மாமி காதைப் பொத்திக்கொண்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இல்லை. நம்மாத்துப் பொட்டோட மகிமையாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா இதை ஜன்னலடியில் நின்று அக்காவுக்குச் சொல்லிச் சிரித்தாள். அக்கா அழியைப் பிடித்துக்கொண்டு, "மாமி சொல்லட்டு. எல்லாம் உங்க தீனிக்க கொணம் அம்மா" என்றாள். அம்மாவுக்கு அது போதும். அன்றைக்கு முழுக்க முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சுழன்றாள்.

சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வாழையடியில் உட்கார்ந்து அக்காவோடு பேசுவேன். அவள் முதலில் கேட்பது கோழியைப் பற்றித்தான்.

"இன்னிக்கு நெறைய இட்டுதா?"

"இட்டுது. ஒனக்கு வச்சதுபோக பாக்கியெ அம்மா எனக்கும் தந்தாவ."

"அம்மா தின்னாவளா?"

"பாதி."

"சரி" என்று கண்ணை மூடிக்கொள்வாள். அவள் கை அழியில் கிடக்கும். வளையலைக் கழற்றி வைத்துவிட்டிருந்தாள். அது நிற்க மாட்டேன் என்கிறது என்றாள்.

தட்டு தினமும் காலியாகத்தான் வந்தது. தின்கிற பிள்ளை ஏன் தேறவில்லை? நோய் தின்கிறது என்றாள் அம்மா. அதற்கும் சேர்த்துப் போட வேண்டும் என்று தன் பங்கில் இன்னும் ஒரு கரண்டி எடுத்து அந்தத் தட்டில் வைத்தாள்.

ருசி கண்ட கோழி

ஒரு நாள் கூட்டில் வைக்கோல் நனைந்து கிடந்தது. மறுநாளும். மூன்றாம் முறை அம்மா ஒளிந்திருந்து பார்த்தாள். புள்ளிக் கோழி முட்டையை இட்டு, எழுந்து, திரும்பி, கொத்திக் குடித்துவிட்டு, அலகை வைக்கோலில் துடைத்தது.

அம்மா நேரே என்னிடம் வந்தாள். "நீதானே முட்டைத் தோட்டெப் பச்சையாப் போட்டே?"

எனக்கு வந்ததே கோபம். "நான் எதுக்குப் போடப்போறேன்? நாளெல்லாம் பள்ளிக்கூடத்துல கத்திட்டு வந்தா, இங்க கோழிக்கும் நான்தான் பதில் சொல்லணுமா?"

"பின்னே அதுக்கு முட்டை ருசியெக் காட்டினது ஆரு?"

"போய் அதுகிட்டயே கேளுங்க" என்றேன். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அம்மா ஒரு முட்டையைத் துளைத்துக் காலி செய்து, உள்ளே அரைத்த மிளகாய் விழுதை அடைத்துக் கூட்டில் வைத்தாள். புள்ளி அதையும் தின்றது. தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று பார்த்தது. அம்மா கத்தியைத் தீட்ட ஆரம்பித்தாள். "அறுத்து ஞானத்துக்கு சூப்பு வச்சிரலாம்."

ஜன்னலிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அவளால் அப்போது உரக்கப் பேச முடியாது. அழியில் கரண்டியால் தட்டித்தான் கூப்பிடுவாள். "அதெ அறுக்க வேண்டாம் அம்மா. அது மேல ஒரு தப்பும் இல்லே."

"முட்டை குடிக்கிய கோழியெ வச்சிருந்தா மத்ததும் படிச்சிரும் மக்ளே."

"அறுத்தா நான் சூப்பு குடிக்க மாட்டேன்."

சின்ன வயதிலிருந்தே எதற்கும் அடம் பிடிக்காதவள். அம்மா கத்தியைக் கொண்டுபோய் உள்ளே வைத்தாள். அதன் பிறகு புள்ளி இட்டு எழுந்திருப்பதற்குள் ஓடிப்போய் முட்டையைப் பிடுங்குவது அம்மாவின் தினசரி வேலையானது.

வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில் அக்கா போனாள். விடிந்து வெகு நேரமாகி, நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது. குடையைக் கையில் வைத்துக்கொண்டே அந்த அறை வாசலில் நின்றேன். அடக்கம் முடிந்து திரும்பும்போது ஈர மண் எல்லோருடைய காலிலும் ஒட்டியிருந்தது. வேறு எதையும் அந்த நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

காலியான கூடு

அதன் பிறகு கோழிகள் முட்டையைக் குறைத்தன. பிறகு நிறுத்தியே விட்டன. தாராவும் அங்கொன்று இங்கொன்று.

யாருக்காக இனி முட்டை? ஆனாலும் அம்மா விடவில்லை. கையும் மனசும் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சந்தைக்குப் போய் மீன்காரியிடம் கெஞ்சிச் சாளைத் தலை வாங்கி வந்தாள். முருங்கையை மொட்டையடித்தாள். அதே தொலி, அதே பொட்டு, அதே ஓட்டுப் பொடி. ஒன்றும் குறையவில்லை. கோழிகள் தின்றன, இடவில்லை. "எனக்க கைப்பக்குவம் போச்சு" என்றாள்.

ஒரு சனிக்கிழமை, மழை விட்டிருந்தது. அக்காவின் அறையைச் சுண்ணாம்பு அடித்துக் கழுவினோம். அவளுடைய தட்டையும் கோப்பையையும் அம்மா கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, காய்வதற்காக ஜன்னல் கல்லில் வைத்தாள்.

டங் என்றது.

முதலில் வாழைக்குப் பின்னாலிருந்து புள்ளி ஓடி வந்தது. அதன் பின்னால் மற்ற கோழிகள் எல்லாம், சிறகை விரித்துக்கொண்டு, ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு. ஆற்றிலிருந்து தாராக்கள்கூடக் கரையேறிக் கத்திக்கொண்டே வந்தன. எல்லாம் ஜன்னலுக்கு அடியில் நின்று கழுத்தைத் தூக்கிப் பார்த்தன. புள்ளி ஒரே தாவாகக் கல்லில் ஏறி, காலித் தட்டுக்குள் கொத்தியது.

அம்மா கழுவுகிற துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். கொஞ்சம் மிச்சத்துக்குப் பழகினவை இப்படி ஓடி வராது. அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"சொர்ணம், அடுக்களையிலே ஒரு முட்டை கெடக்கு. அவிச்சு எடுத்துட்டு வா" என்றாள்.

அவித்துக் கொண்டுவந்தேன். அம்மா அதை உரித்து, கையால் பிட்டு, அழி வழியாகக் கீழே போட்டாள். புதுத் தீனியைக் கண்டால் கோழி கொஞ்சம் தயங்கும். தலையைச் சாய்த்துப் பார்க்கும், ஒரு கொத்துக் கொத்திவிட்டு விலகும். இவை ஒன்றுகூடத் தயங்கவில்லை. பிட்டது தரையில் விழவே இல்லை.

"பழகின வாயி" என்றாள் அம்மா.

அப்புறம் அந்த வெறும் கட்டிலில் உட்கார்ந்தாள். "தட்டுச் சத்தம் கேட்டுட்டுத்தான் நான் திம்பேன். எனக்க பிள்ளை தின்னுட்டான்னு நெனச்சுத் திம்பேன்."

என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அம்மா அழவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அப்பா சத்தம் கேட்டு வந்து வாசலில் நின்றார். என்ன நடந்தது என்று நான்தான் சொன்னேன். காலித் தட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "அவளுக்கு எறங்கியிருக்காது. நீ வயித்தெக் கட்டி வைக்கிய சோத்தெ எறங்கல்லேன்னு எப்படிச் சொல்லுவா?" என்றார்.

அப்படித்தான் இருந்திருக்கும். முழுக்கவும் அப்படித்தானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. "அம்மா தின்னாவளா?" என்று அவள் கேட்டது காதில் இருக்கிறது. தன்னால் முடியாததைக் கோழிக்குப் போட்டு, அதை முட்டையாக்கி எங்கள் வயிற்றுக்கு அனுப்பினாளோ என்னவோ. அந்த வருஷம் எங்கள் கன்னத்தில் சதை இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

மாமி அடுத்த வாரம் வேலியருகே வந்தார். துக்கம் கேட்டுவிட்டுப் பொட்டுத் தகரத்தை நீட்டினார். "கோழிச் சத்தமே கேக்கலையேம்மா. தீனி போறலையா?"

"தீனி போட்டவ போயிட்டா மாமி" என்றாள் அம்மா.

மாமிக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் முதல் தடவையாக வேலிக்கு மேலே கையை நீட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்காகவே அவருடைய மூக்குச் சுருக்கத்தை எல்லாம் நான் மன்னித்துவிட்டேன்.

இரும்புச் சட்டியில் ஓடு வறுப்பதை அம்மா அத்தோடு நிறுத்தினாள். பச்சையாகவே போட்டாள். புள்ளிக் கோழியை அறுக்கவும் இல்லை. அது அதற்கப்புறமும் வெகுகாலம் இருந்தது. எப்போதாவது ஒரு முட்டை இடும். இட்ட சூட்டிலேயே குடித்துவிட்டுப் போகும். அம்மா எட்ட நின்று பார்த்துக்கொண்டிருப்பாள், ஓடிப்போய்ப் பிடுங்க மாட்டாள்.

"ஒண்ணுக்கும் உதவாத கோழி. அதுக்கு எதுக்கு இந்தத் தவிடு?" என்று அப்பா ஒரு நாள் கேட்டுவிட்டார்.

அம்மா பிசைகிற கையை நிறுத்தவில்லை.

"தின்னுட்டுப் போவட்டு. ஞானத்துக்க கையால தின்னு வளந்தது" என்றாள்.